மண்டி வீட்டுப் பிடி அரிசி

இரண்டு மாதமாக மண்டி வீட்டிலிருந்து பிடி அரிசிக்கு நல்ல பொன்னி வருகிறது. கல் இல்லை, நொய் இல்லை, பையைப் பிரித்தாலே மணக்கிறது. சபையில் சிலர் என்னைப் பார்த்து, "இன்னாமா, சாதிச்சிட்ட" என்று சிரிக்கிறார்கள். சாதித்தேன்தான். ஆனால் யாரும் என்னை அன்பே உருவானவள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் பழிவாங்கினேன். சர்ச் கூடத்திலேயே, ஆமென் சொல்லி வாய் மூடுவதற்குள் வாங்கினேன். முப்பது வருஷமாகக் கறுவி வைத்திருந்த பழி அது.

பிடி அரிசி என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒரு டப்பா இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து, இல்லாதவர்களை நினைத்து ஜெபித்து, அந்த டப்பாவில் போட வேண்டும். நாம் தின்னப்போகிற சோற்றிலிருந்து எடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் அதைப் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கம் அதைக் கஷ்டப்படுகிற வீடுகளுக்குக் கொடுக்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அந்தக் கஷ்டப்படுகிற வீடு எங்கள் வீடாக இருந்தது. அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கினவர். லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து இடுப்பு போய்விட்டது. படுத்த படுக்கை. மண்டிக்காரர்களும் எங்கள் சபைதான். பாவம் பார்த்து அம்மாவை மண்டியில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாவம் பார்த்ததைப் பற்றி மண்டிக்கார அம்மா ஒவ்வொரு ஞாயிறும் நாலு பேர் காதில் விழும்படி சொல்லுவாள். பெண்கள் சங்கத்தின் தலைவி அவள்தான். அப்போதும் அவள்தான், இப்போதும் அவள்தான்.

அவள் வீட்டிலிருந்து வரும் பிடி அரிசிப் பை மற்றவர்கள் பையைப் போல நாலு மடங்கு இருக்கும். பெரிய பை என்பதால் அதைப் பிரிக்காமல் அப்படியே ஒரு வீட்டுக்குக் கொடுப்பது வழக்கம். எங்களுக்குக் கொடுத்தார்கள். அவள் தன் கையாலேயே கொடுத்தாள். கொடுத்துவிட்டு அம்மாவிடம், "ஒவ்வொரு வேளையும் ஜெபம் பண்ணி எடுத்த அரிசி. புள்ளைங்களுக்கு வடிச்சிப் போடு. பைய மட்டும் மறக்காம நாளைக்கு எடுத்துகினு வந்துடு" என்றாள்.

வீட்டுக்கு வந்து முறத்தில் கொட்டினோம். அரிசியில் அங்கங்கே நீலமாக இருந்தது. பச்சரிசி, புழுங்கல், இட்லி அரிசி, நொய், சணல் நார் எல்லாம் கலந்து கிடக்க, நடுநடுவே நீல அரிசி. நான் ஏதோ புது மாதிரி அரிசி என்று நினைத்தேன். அம்மா ஒரு நீல அரிசியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"இது நேத்து நான் கூட்டி அள்ளுன அரிசிடி" என்றாள்.

சனிக்கிழமை மண்டியில் சாக்குக்குப் பேர் அடிக்கிற நீல மை டப்பா கவிழ்ந்து தரையில் கொட்டிவிட்டதாம். சிந்திக் கிடந்த அரிசியிலும் மை பட்டுவிட்டது. எல்லாவற்றையும் கூட்டி அள்ளச் சொன்னார்கள். கோழிக்குப் போட என்று சொன்னார்களாம். அம்மாவும் துடைப்பத்தால் அள்ளி, ஒரு பழைய டின்னில் கொட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மறுநாள் அது கர்த்தருக்குக் காணிக்கையாக ஆராதனைக்குப் போய், ஜெபம் வாங்கிக்கொண்டு, அள்ளினவள் கைக்கே வந்துவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "குடும்மா, கொண்டுபோய் அவங்க வாசல்லயே கொட்டிட்டு வரேன்" என்று எழுந்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதடி. உங்கப்பனுக்கு மருந்து எங்கேர்ந்து வருது? அந்த மண்டிலேர்ந்துதான் வருது. வாயத் தொறந்த, கொன்னுடுவேன்."

நீல அரிசியை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை உலையில் போட்டாள். ஒரு பக்கம் குழைந்து கூழானது, ஒரு பக்கம் நறுக்கென்று நின்றது. பசி. தின்றோம். அப்படி இரண்டு வருஷம் தின்றோம். எங்கள் ஊரில் பட்டுக்கு எவ்வளவு பேரோ அரிசிக்கும் அவ்வளவு பேர். லாரி லாரியாக ஊர் ஊருக்குப் போகிற ஆரணி அரிசி. அந்த ஊரில் பிறந்து நான் மண்டித் தரையைத் தின்று வளர்ந்தேன்.

அன்று ஒன்று முடிவு பண்ணினேன். அவள் அந்த அரிசியை ஒரு வாய் தின்ன வேண்டும். ஒரே ஒரு வாய் போதும். அதை என் அம்மா பார்க்க வேண்டும். மற்ற பெண்கள் நல்ல மாப்பிள்ளைக்கும் பரீட்சைக்கும் ஜெபித்தார்கள். நான் முழங்காலில் நின்று இதைக் கேட்டேன். பழிவாங்குவது கர்த்தருடைய வேலை என்று பாஸ்டர்கள் பிரசங்கம் பண்ணுவார்கள். அவருக்கு ஆரணிப் பக்கம் வர நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

காலம் ஓடியது. அப்பா போய்ச் சேர்ந்தார். நான் படித்து, தேவிகாபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் ஆனேன். கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் செய்யாரில் கம்பெனி வேலை, ஷிப்டு பார்த்து பஸ் ஏறுகிறவர். அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். என் அடுப்படியிலும் ஒரு பிடி அரிசி டப்பா இருக்கிறது. அதில் வீட்டிலேயே உயர்ந்த அரிசியாகப் பார்த்துப் போடுவேன். தர்மத்தினால் இல்லை, வீம்பினால். வீட்டுக்காரர், "உனுக்கு மேல தனி கவுன்டர் தொறந்து வெச்சிருப்பாங்க, போ" என்று கிண்டல் பண்ணுவார்.

போன வருஷம் என்னைப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். முதல் ஞாயிறு மேசை போட்டு உட்கார்ந்து பைகளை வாங்கி வைப்பது என் வேலை. முதல் மாதமே மண்டி வீட்டுப் பைக்குள் கையை விட்டேன். எனக்குத் தெரியாதா அந்த அரிசி? ஒன்றும் மாறவில்லை. சணல் நாருக்குப் பதிலாக வெள்ளைப் பிளாஸ்டிக் கோணி நார். அவ்வளவுதான் முப்பது வருஷ முன்னேற்றம்.

பாஸ்டரிடம் சொல்லிப் பார்த்தேன். "குடுக்குறவங்க மனச கர்த்தர் பாத்துக்குவாரும்மா" என்றார். அவர் தலைக்கு மேல் சுற்றிய புது ஃபேன் மண்டி வீட்டுக் காணிக்கை. மனிதர் என்ன செய்வார்?

அந்தப் பை இப்போது போவது ஒரு சின்னப் பெண் வீட்டுக்கு. விசைத்தறியில் வேலை பார்த்த புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகள். ஒரு நாள் சர்ச் கேட்டருகே என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காத. குடுக்குறத கொற சொல்றேன்னு நெனைக்காத. இது இன்னா அரிசிக்கா? சின்னவ வாயில நாரு மாட்டிகினு நேத்து ஒரே வாந்தி."

சொல்லிவிட்டு அவளே பயந்து, "யார் கிட்டயும் சொல்லிடாதக்கா, அப்புறம் அதுவும் வராது" என்றாள். என் அம்மா என் வாயைப் பொத்தினது அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது. அன்றைக்கே நாள் குறித்துவிட்டேன்.

எங்கள் சபையின் ஆண்டு விழாவுக்கு அன்பின் விருந்து நடக்கும். ஆராதனை முடிந்து கூடத்தில் இலை போட்டு, சோறும் கறிக்குழம்பும். விருந்துக்கு அரிசி எப்போதும் மண்டி வீட்டு உபயம். முதல் தரமான பொன்னி. மைக்கில் பேர் சொல்லி அறிவிப்பார்கள் அல்லவா, அதனால் அது முதல் தரம். நூறு பிள்ளைகளுக்குத் தினமும் சமைக்க வைக்கிறவள் என்று சமையல் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு வந்த மண்டி வீட்டுப் பிடி அரிசிப் பையை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு என் வீட்டு அரிசியை அதே அளவு கட்டிக் கொடுத்தேன். திருட்டு என்றால் திருட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். "வேணாம்மே, பேஜாராயிடும்" என்றார். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

விருந்து அன்று கூடத்துக்குப் பின்னால் பெரிய அண்டாவில் பொன்னி வெந்துகொண்டிருந்தது. ஓரத்தில் சின்ன அடுப்பில் ஒரு குட்டிச் சட்டி. அதில் அவள் அரிசி. கழுவினேன், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. ஒரு நார் மேலே மிதந்தபோது கை தானாக எடுக்கப் போனது. கையை இழுத்துக்கொண்டேன். வெந்தது பழைய மாதிரியேதான், பாதி கூழ், பாதி நறுக்கு. அந்த வாடை அடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் வரிசையில் மண்டிக்கார அம்மாவை உட்கார வைத்தேன். அவள் பக்கத்தில் என் அம்மாவை உட்கார வைத்தேன். அம்மா கூச்சப்பட்டுப் பின் வரிசைக்கு நகரப் பார்த்தாள். "உக்காரும்மா" என்று தோளை அழுத்தினேன். இத்தனை வருஷம் கேட்டது நடக்கப்போகிற நேரத்தில் இவள் பின்னால் போய் உட்கார்ந்தால் எப்படி? பாஸ்டர் ஜெபித்தார். எல்லோர் இலையிலும் அண்டாச் சோறு விழுந்தது, அம்மா இலையிலும்தான். மண்டிக்கார அம்மா இலைக்கு மட்டும் நான் சட்டியோடு போனேன்.

"உங்களுக்குன்னு தனியா வடிச்சேம்மா."

"எனுக்கு எதுக்குமா தனியா?" என்று பூரித்துப்போனாள். குழம்பை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். கடக்கென்று சத்தம் எனக்கே கேட்டது. மெல்வது நின்றது. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஒரு வெள்ளை நாரை இழுத்தாள்.

"இன்னாமா அரிசி இது?"

"உங்க வீட்டு பிடி அரிசிதாம்மா. போன ஞாயித்துக்கெழம ஜெபம் பண்ணி குடுத்தீங்களே, அதேதான்" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. "மண்டில கூட்டி அள்ளுறது. முப்பது வருஷமா இதான் தர்மம் பண்றீங்க. நாங்க துன்னோம். இப்ப ரெண்டு பச்சப் புள்ளைங்க துன்னுதுங்க. நீங்களும் துன்னுங்கம்மா, இன்னும் சட்டி நெறைய கீது."

பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். பாஸ்டர் இலையையே பார்த்தார். பின் வரிசையில் அந்தச் சின்னப் பெண் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள். மண்டிக்கார அம்மாவின் முகம் செத்துப்போனது. ஐயோ, அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு இனித்தது! பொய் சொல்ல மாட்டேன், பிள்ளை பெற்றபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. மெள்ளத் திரும்பி என் அம்மாவைப் பார்த்தாள்.

"நீயா சொன்ன?" என்று கேட்டாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். பேசும்மா, இப்போதாவது கேளு, உன் வாயால் ஒரு வார்த்தை கேளு என்று மனசுக்குள் கத்தினேன். அம்மா, தான் இன்னும் தொடாத இலையை, வெள்ளை வெளேரென்ற பொன்னிச் சோற்றோடு, மண்டிக்கார அம்மாவின் முன்னால் நகர்த்தி வைத்தாள். அந்த அம்மாவின் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க நல்ல சோறு துன்னுங்கம்மா. எனுக்கு இது பழக்கந்தான்" என்றாள்.

பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கரண்டியோடு நின்றேன்.

"இன்னாடி பாக்குற? கொழம்பு ஊத்து" என்றாள் என்னிடம்.

ஊற்றினேன்.