ஐந்து பெட்டி ரயில்

கதைப்புத்தகத்தில் வரும் ஐந்து பெட்டி ரயிலை அட்டையில் செய்து விளையாடலாம் என்றாள் மகள். அவளுக்கு ஆறு வயது. அந்த வயதில் நான் கோவில்பட்டி கம்பெனி ஒன்றுக்காக வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினேன்.

மைதா பசை காய்ச்சினேன். பழைய காலண்டர் அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தேன். அவள் கலர் பென்சில் தேடி உள்ளே போனாள். எடுத்து வருவதற்குள், என் சனியன் பிடித்த விரல்கள் அத்தனை அட்டையையும் மடித்து, ஒட்டி, ஒரே அளவில் இருபது பெட்டிகளாக அடுக்கிவிட்டன.

“எல்லாத்தையும் நீயே ஒட்டிட்டியே! நான் எப்பம்மா விளையாட?” என்று அழுதாள்.

அவள் வயதில் என் அம்மாவிடம் நானும் “எப்பம்மா விளையாட?” என்றுதான் கேட்டேன். பசை காயாத கையாலேயே என் கன்னத்தில் ஒன்று வைத்தாள் அம்மா.