பிரான்ஸில் வெட்டிய வாய்க்கால்

போன ஞாயிற்றுக்கிழமை அம்பகரத்தூருக்குப் பெண் பார்க்கப் போனேன். கேசரியில் கை வைப்பதற்குள் மானம் போய்விட்டது.

தப்பு என் மாமா மேல்தான். உள்ளே நுழைந்ததுமே, "மாப்ள பிரான்ஸ் ரிட்டர்னுங்க!" என்று அடித்துவிட்டார். காரைக்கால் பக்கம் இந்த வார்த்தைக்கு இருக்கிற மவுசு உங்களுக்குத் தெரியாததா? பிரான்ஸ் என்றால் பட்டாளம், பென்ஷன், பாரீஸில் வீடு... பெண்ணின் அப்பாவே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். உடனே என் தட்டில் இன்னொரு பஜ்ஜி விழுந்தது.

"தம்பிக்கு அங்க என்ன வேலைங்க?"

"வாய்க்கால் வெட்டினேங்க."

"இன்ஜினியரா?"

"இல்லைங்க. மம்புட்டிதான்."

வாரா வாரம் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு அந்தக் கதை மனப்பாடம் — நாலு வாரம் அறுத்தேனே! போன வருஷம் தொண்டர் முகாமுக்கென்று பிரான்ஸில் ஒரு குக்கிராமத்துக்குப் போனேன். பல தேசத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து, தூர்ந்து கிடந்த பழைய வாய்க்காலை இரண்டு மாதம் வெட்டினேன். பாவம், அவர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை.

"சம்பளம்?"

"கெடையாதுங்க. சாப்பாடு போட்டாங்க."

"சாப்பாட்டுக்கா அவ்ளோ தூரம் போனீங்க? ஒங்க ஊரு நெடுங்காட்டுல சோறு இல்லியா?"

காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று மாமா பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். சரியாகப் பார்த்திருந்தால் நீட்டியிருக்கவே மாட்டார். முழங்கால் வரை சேறு, தலையில் துண்டு, தோளில் மம்புட்டி — சாட்சாத் நான்தான்.

"நாங்கள்லாம் அங்க துப்பாக்கி புடிச்சவங்க," என்று சொல்லிப் போட்டோவைக் கவிழ்த்து வைத்தார் பெண்ணின் அப்பா.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வந்த காரியத்தை மறந்து பிரசங்கத்தை ஆரம்பித்தேன். உழைப்பில் என்னங்க கேவலம்? அந்த ஊர் மேயரே எங்களோடு மண் சுமந்தார்! மத்தியானம் ஒரே மேஜை... மேயர், மாடு மேய்க்கிறவர், நான், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம்! கூட்டத்தில் இருந்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

கதவோரம் நின்றிருந்த பெண் — மலர்க்கொடி, பள்ளிக்கூட டீச்சர் — அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஒங்க வயலுக்கு வர்ற வாய்க்கால யாருங்க வெட்டுறா?"

"ஆளுங்க வருவாங்க..."

"அவங்களுக்கு எங்க வெச்சுச் சோறு போடுவீங்க?"

பதில் தெரியாமல் இல்லை. கொல்லையில், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளும் உறுத்தியதில்லை. கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

"யோசிச்சு லெட்டர் போடுங்க. அப்புறம் நான் என் முடிவச் சொல்றேன்," என்று உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் மாமா தலையில் அடித்துக்கொண்டே வந்தார். "அந்தப் பொண்ணுக்கு வாயப் பாத்தியா? வேற எடம் பாப்போம் மாப்ள!" எனக்கோ கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று ஆகிவிட்டது. என்ன செய்ய?

திங்கட்கிழமை காளியப்பனைத் தேடிப் போனேன். எங்கள் வாய்க்காலை வருஷா வருஷம் வெட்டுகிறவர். "இந்தத் தடவை நீங்கள்லாம் எங்க வீட்டுக் கூடத்துலதான் சாப்பிடணும்," என்றேன், ரொம்பப் பெருந்தன்மையாக. மனிதர் லேசில் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டுப் பெண் பார்த்த கதை முழுவதையும் பிடுங்கிவிட்டார். பிறகு சிரித்தார்.

"ஒங்க கல்யாணத்துக்கு நாங்க வேஷம் கட்டணுமா சின்னய்யா? கூடத்துல ஒங்க அம்மா மூஞ்சியப் பாத்தாலே எங்களுக்கு வயிறு ரொம்பிடும். மொதல்ல நீங்க மம்புட்டியோட வாங்க. எங்க சோத்துல ஒரு வாய் சாப்புடுங்க. கூடத்தப் பத்தி அப்புறம் பேசுவோம்."

நறுக்கென்று தைத்தது. மறுநாள் போனேன். பிரான்ஸில் அரை மணிக்கொரு காப்பி, ஒரு மணிக்கொரு போட்டோ. இங்கே வைகாசி வெயில்... பத்து மணிக்கே முதுகு கழன்றுவிட்டது. நான் வெட்டிய இடத்தைக் காளியப்பன் மறுபடி வெட்டினார். "இதுக்கா ஒங்கள ஏரோப்ளேன் ஏறி வரச் சொன்னான் வெள்ளக்காரன்?" மத்தியானம் கரையில் உட்கார்ந்து அவர் தூக்குச்சட்டியிலிருந்து பழைய சோறும் சுட்ட கருவாடும் சாப்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மேயர் வீட்டு சூப்பெல்லாம் கிட்டே நிற்க முடியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வாசலை மறித்துக்கொண்டு அம்மா. சேதி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது.

"அவங்ககூட உக்காந்து தின்னுட்டு வாசப்படி ஏறாத. கொல்லப் பக்கமாப் போ!"

போனேன். காப்பியும் அங்கேதான் வந்தது, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில். டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அம்பகரத்தூருக்கு லெட்டர் எழுதினேன்.

ஒரே வரிதான்: "டீச்சர், கொல்லை வரைக்கும் வந்துவிட்டேன், கூடத்துக்குப் போக ஒரு துணை வேண்டும்."