இட்லி ஏன் மிஞ்சியது?

போன வாரம் ஒரு திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். ரிப்பன், ரோஜாப்பூ, மைக் எல்லாம் உண்டு. திறந்தது என்ன என்கிறீர்களா?

பாத்ரூம்!

சிரிக்காதீர்கள். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் மசாலா பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றில் என் தங்கை சுகந்தி ஹெச்.ஆர். ஆக இருக்கிறாள். வேலை பார்ப்பது பெரும்பாலும் சுற்று வட்டாரப் பெண்கள். முதலாளி, எல்லோருக்கும் அண்ணாச்சி. தாராள மனசு. தொழிலாளர்களுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கார்டு, முழு உடல் பரிசோதனை... எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் ஆப் வேறு! நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு ஆப் எதற்கு என்று நான் கேட்கவில்லை. தங்கை முறைப்பாள்.

இத்தனை இருந்தும் காலை ஷிப்டில் யாராவது மயங்கி விழுந்துகொண்டே இருந்தார்கள். அதிலும் பேச்சியம்மாள் என்ற அக்கா அடிக்கடி. கார்டைக் காட்டி ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு மறுநாளே வந்துவிடுவார். டாக்டர் சொன்னது ஒன்றுதான்: காலையில் சாப்பிடுவதில்லை.

அவ்வளவுதானே? அண்ணாச்சி உடனே இலவச டிபன் போட்டார். சுடச்சுட இட்லி, சாம்பார். ஆனால் காலை ஷிப்டில் முக்கால்வாசி அப்படியே மிஞ்சியது. டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். மதிய ஷிப்ட்காரர்களோ தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். ஒரே சமையல்காரர், ஒரே கைப்பக்குவம்!

போன தடவை பேச்சியம்மாள் அரவை மெஷினுக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். நல்லவேளை, கை தப்பியது. "இனிமே இந்தம்மா வேண்டாம், ஆபத்து" என்றுவிட்டார் சூப்பர்வைசர். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

சுகந்தி ஓய்வறையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தட்டை நீட்டினாள். அந்த அக்கா கூச்சத்தோடு தள்ளி வைத்தார்.

"இன்னும் குளிக்கலியேம்மா... குளிக்காம எப்படி வாயில வைக்கது?"

"ஏங்க்கா, வீட்டுல குளிச்சிட்டு வரக் கூடாதா?"

"வீட்டுல எங்கன இருக்கு குளிக்க எடம்? எல்லாருக்கும் ஆறுதான். பஸ்சு விடியுமுன்ன வந்துருது. இருட்டுல ஆத்துல எறங்க பயமால்லா இருக்கு! ஷிப்டு முடிஞ்சு போயித்தான் குளிக்கது."

காலை ஷிப்டில் முக்கால்வாசிப் பேருக்கு இதே கதை. மதிய ஷிப்ட்காரர்கள் வெளிச்சத்திலேயே ஆற்றில் குளித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். டீ மட்டும் கணக்கில் வராதாம்!

தாமிரபரணி கரையில் பிறந்தவள் என் தங்கை. குளிக்காமல் சாப்பிட்டதற்கு எங்கள் அம்மாவிடம் வாங்கிய திட்டு அவளுக்கு மறக்குமா? நேராக அண்ணாச்சியிடம் போனாள். இந்த வருஷ ஹெல்த் பிளானில் ஆப்பை எடுத்துவிட்டு பாத்ரூம் கட்டச் சொன்னாள்.

"என்னம்மா சொல்லுத? இன்சூரன்ஸ் குடுத்தாச்சு, இட்லி குடுத்தாச்சு. இனி குளிப்பாட்டியும் விடணுமா?"

"அண்ணாச்சி, நீங்க குளிக்காம சாப்பிடுவியளா?"

நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த அண்ணாச்சி தன் நெற்றியைத் தடவிக்கொண்டாராம். அப்புறம், "கொத்தனார வரச் சொல்லு" என்றாராம்.

கார்டு தப்பென்று சொல்ல வரவில்லை. விழுந்தபின் தூக்கிவிட அது வேண்டும்தான். ஆனால் ஏன் விழுகிறார்கள்? அது ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் வராது. பஸ் வரும் நேரத்தில் இருக்கும், இருட்டான படித்துறையில் இருக்கும். அதைக் கேட்கத் தெரிந்தவள் என் தங்கை. பெருமையாக இருக்கிறது... சொல்லிக்கொள்வதில் வெட்கமே இல்லை.

விழாவுக்கு வருவோம். ரிப்பன் வெட்டக் கூப்பிட்டது பேச்சியம்மாளைத்தான். கத்தரிக்கோலை நீட்டினார் அண்ணாச்சி. அந்த அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்ல காரியம் அண்ணாச்சி. குளிக்காம எப்படித் தொட?"

சொல்லிவிட்டு, ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்! அண்ணாச்சி, சூப்பர்வைசர், மைக்கோடு நின்றவர், நான் — எல்லோரும் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி வெளியே நின்றோம். ஈரத்தலையில் துண்டோடு வந்தார். ரிப்பனை வெட்டினார். நேரே இட்லித் தட்டின் முன் உட்கார்ந்தார். சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன்.

திறப்பு விழா முடிந்தும் பூட்டியே கிடக்கும் கட்டடங்களை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். திறப்பதற்கு முன்பே பயன்பட்ட கட்டடம் — இது ஒன்றுதான்!