ஆறாம் மாதமே குலை தள்ளிய வாழை

எங்கள் அத்தையின் குரல் மாறிய அன்று நான் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரேடியோ ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. எங்கள் பாலக்கரை வீட்டில் அந்த ஓர் இடத்தில்தான் அது இரைச்சல் இல்லாமல் பேசும். மாலை ஆறரை. நாடகத்தின் தொடக்க இசை முடிந்தது, அத்தை பேச ஆரம்பித்தாள். ஆனால் பேசியது அத்தை இல்லை. யாரோ ஒரு சின்னப் பெண் குழைந்து குழைந்து, "மருமகளே, மாட்டுக்குத் தண்ணி வச்சியாம்மா" என்று கேட்டாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அத்தை என்றால் என் சொந்த அத்தை இல்லை. வானொலியில் விவசாய நிகழ்ச்சிக்கு நடுவே, வாரத்தில் ஐந்து நாள், கால் மணி நேரம் ஒரு நாடகம் வருகிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் முடிந்தபாடில்லை. காவிரிக் கரையில் ஒரு கிராமம், ஒரு கூட்டுக் குடும்பம், நாலு ஏக்கர் வாழை, ஓயாத சண்டை. அந்தக் குடும்பத்தின் மாமியார்தான் அத்தை. உரக்கடைக்காரர் முதல் தாசில்தார் வரை அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்த ஊரில் கிடையாது. விவசாயிகளுக்கு நாலு நல்லது சொல்ல வேண்டும் என்பதற்காகவே நடத்தும் நாடகம் என்பதால், வீட்டை விட்டு ஓடிப்போக நிற்கும் காதலர்கள்கூட பஸ் வருவதற்குள் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு எங்கே மனு கொடுப்பது என்று பேசி முடித்துவிடுவார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். என் மகன் சிரிப்பான். "நம்ம வீட்ல ஒரு ரோஜாச் செடிகூட இல்ல, உனக்கு எதுக்கும்மா பூச்சிமருந்து விஷயமெல்லாம்" என்பான். முப்பது வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு எது பிடிக்க வேண்டும் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

என்னைப் போல ஒரு கூட்டமே இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வானொலி நிலையத்தார் நடத்திய நேயர் சந்திப்பில் பழகி, வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்துக்கொண்டோம். நாற்பது பேர் இருந்தாலும் ஓயாமல் பேசுகிறவர்கள் மூன்று பேர்தான். ஒன்று நான். இன்னொருவர் ஸ்ரீரங்கத்து மாமி. கோயில் கைங்கர்யக் குடும்பம். நாடகம் முடியாமல் தாயார் சந்நிதிக்குக்கூடக் கிளம்ப மாட்டார். மூன்றாவது ஆள் முக்கொம்புக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழை போட்டிருக்கும் அண்ணன். நாடகம் முடிந்த அடுத்த நிமிடம் குரல் பதிவுகள் வந்து குவியும். அந்தக் கொழுந்தன் செய்தது அடுக்குமா, சின்ன மருமகள் தாய்வீட்டுக்குப் போனது சரியா, இதையெல்லாம் கோர்ட்டில் வாதாடுவதைப் போல் வாதாடுவோம். எல்லோரும் பேசி அனுப்புவார்கள். நான் மட்டும் எழுதி அனுப்புவேன். டீச்சர் அல்லவா, எழுத்துதான் வரும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

உண்மை வேறு. இரண்டு வருடத்துக்கு முன் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது குரல் போயிருந்தது. ஆறு மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். வந்தது, ஆனால் பழைய குரல் வரவில்லை. கரகரவென்று இருக்கும், நடுநடுவே வெறும் காற்றுதான் வரும். எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பது பல வருடமாக என் பொறுப்பு. யார் எந்த வாரம் வாசிப்பது என்று முறை போடுகிற அம்மா, ஒரு நாள் ஆரஞ்சுப் பழங்களோடு என்னைப் பார்க்க வந்தார். "நீங்க எதுக்கு டீச்சர் சிரமப்படணும். மக்களுக்கும் புரியணும்ல. ரெஸ்ட் எடுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் "சரிங்க" என்றேன். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்தவள், ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் "சரிங்க" என்றேன். அதற்குப் பிறகு காய்கறிக்கடையில்கூட விரலால் காட்டி வாங்கப் பழகிக்கொண்டேன்.

புதுக் குரல் வந்த அன்று குழுவே கொதித்தது. "என்னங்க இது, நம்ம அத்தை கஸ்டமர் கேர்ல வேலைக்குச் சேந்துடுச்சா? திட்டுறதுக்கு முன்னாடி வணக்கம் சொல்லும்போல" என்றார் வாழை அண்ணன். "ஜலதோஷமா இருக்கும், ரெண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்றார் மாமி. பொறுத்துப் பார்த்தோம். அதே பெண்தான் பேசினாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. ஆனால் அவள் திட்டினால் அந்த வீட்டு நாய்கூட நகராது.

அத்தையாக நடித்தவர் ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கிறார் என்று மாமி எப்படியோ துப்புத் துலக்கி, கையில் பிரசாதத்தோடு நேரிலேயே போய்விட்டார். திரும்பி வந்து மூன்று நிமிட நீளத்துக்கு ஒரு பதிவு அனுப்பினார். "பார்த்துட்டு வந்துட்டேன். தொண்டையில என்னமோ கட்டியாம், எடுத்தாச்சாம். பெருமாள் புண்ணியத்துல பயம் ஒண்ணும் இல்லையாம். ஆனா குரல் கரகரன்னு ஆயிடுத்து. நிலையத்துல, நேயர்கள் ஏத்துக்க மாட்டா, நீங்க ஓய்வு எடுத்துக்கோங்கோன்னுட்டாளாம். சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன் மாமின்னு சிரிக்கறா. அழுதிருந்தாக்கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும்."

அதைக் கேட்டதும் என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேயர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். நேயர் என்றால் யார்? நான்தான். என்னை யார் கேட்டார்கள்? தங்களுக்குப் பிடிக்காத குரலை நிறுத்த என் பெயரை எடுத்துக்கொண்டார்களே. கோயிலிலும் அப்படித்தான், மக்களுக்குப் புரியாது என்று என்னை இறக்கிவிட்டார்கள். புரியவில்லை என்று எந்த மக்கள் வந்து சொன்னார்கள் என்று நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டேன். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

முதலில் கடிதம் போட்டோம். கடிதங்களை வாசிக்கிற நிகழ்ச்சியில் பாராட்டு மட்டுமே வாசித்தார்கள், எங்களுடையது எதுவும் வரவில்லை. சரி, வெள்ளிக்கிழமைதோறும் விவசாய அதிகாரியிடம் போனில் நேரடியாகச் சந்தேகம் கேட்கலாமே, அதில் நுழைந்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். அதிலும் ஒரு தடை இருந்தது. முதலில் ஒரு பெண் போனை எடுத்து என்ன கேள்வி என்று விசாரிப்பாள். பயிரைப் பற்றிக் கேட்டால்தான் இணைப்புக் கொடுப்பாள். வாழை அண்ணன் வாரா வாரம் கேள்வி கேட்கிறவர், அவர் குரல் அங்கே அத்துப்படி. ஒரு தடவை அத்தையைப் பற்றிக் கேட்டதிலிருந்து அவர் குரலைக் கேட்டாலே வைத்துவிட்டார்கள். மாமி முயன்று பார்த்தார். எத்தனை ஏக்கர் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "மாடியிலே ரெண்டு தொட்டி, துளசி" என்று உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

"டீச்சரம்மா, இனிமே நீங்கதான். கேள்வியை நான் சொல்லித் தரேன்" என்றார் அண்ணன்.

ஒரு நாள் முழுக்க நான் பதில் போடவில்லை. எனக்குக் குரல் சரியில்லை என்று மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். கடைசியில் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பேசுகிற பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "கேட்டுக்கோங்க. ரெண்டு வருஷமா என் குரல் இதுதான். அதனாலதான் எழுதிக்கிட்டிருந்தேன்" என்றேன். அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பதில் இருந்தது. மாமி சொன்னார்: "கரகரன்னுதான் இருக்கு டீச்சர், பொய் சொல்லப்படாது. ஆனா ஒரு அட்சரம் விடாம புரியறது." அண்ணன் சொன்னார்: "இதுக்காகவா ரெண்டு வருஷம் எழுதித் தள்ளுனீங்க? எங்க ஊர்ல பாதி ஆம்பளைங்க குரலே இப்படித்தாங்க. சரி, கேள்வியை எழுதிக்கோங்க." இரண்டு பேரும் எனக்காக ஒரு சொட்டுக்கூட இரக்கப்படவில்லை. அதற்காகவே அவர்களை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

பூவன் வாழை, நட்டு ஆறு மாதம், கீழ் இலை மஞ்சளாகி ஓரம் காய்கிறது, என்ன செய்யலாம். இதுதான் கேள்வி. பரீட்சைக்குப் படிப்பதைப் போல் மனப்பாடம் செய்தேன். வெள்ளிக்கிழமை போன் போட்டதும் அந்தப் பெண் எடுத்தாள். என் குரலைக் கேட்டு, "அம்மா, சளி பிடிச்சிருக்கா? அடுத்த வாரம் கூப்பிடுறீங்களா, ஏர்ல கிளியரா வராது" என்றாள்.

"சளி இல்லம்மா. என் குரலே இதுதான். அடுத்த வாரம் வரைக்கும் வாழை தாங்காது" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு இணைப்புக் கொடுத்தாள்.

அதிகாரி பொறுமையான மனிதர். நான் ஒப்பித்ததை முழுக்கக் கேட்டார். பக்கக் கன்று எடுத்தீர்களா என்றார். எடுத்தோம் என்றேன். தண்ணீர் தேங்குகிறதா என்றார். இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாழைத்தோப்பை அவர் நம்ப வேண்டுமே என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன்: "மத்தபடி ஒரு குறையும் இல்லீங்க சார். எல்லா மரமும் நல்லா குலை தள்ளியிருக்கு."

அதிகாரி இழுத்துக் கேட்டார்: "ஆறாவது மாசத்துலயாம்மா?"

"ஆமாங்க சார். பெரிய பெரிய குலை."

பூவன் அவ்வளவு சீக்கிரம் குலை தள்ளாது என்று எனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் தோப்பில் ரேடியோவை வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். ஆனால் அந்தத் தப்புதான் எனக்கு வழி விட்டது. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, நீங்க நிஜமாவே வாழை வச்சிருக்கீங்களா" என்று கேட்டார்.

"இல்லீங்க சார். எனக்கு ஒரு செடிகூட இல்ல. நான் நாடகம் கேக்குற ஆளு, இருபது வருஷமா கேக்குறேன். நம்ம அத்தைக்குக் குரல் கரகரத்துப் போச்சு, நேயர்கள் ஏத்துக்க மாட்டாங்கன்னு வெளிய அனுப்பிட்டாங்களாம். நான்தான் சார் அந்த நேயர். என் குரலும் கரகரன்னுதான் இருக்கு. ஆனா பூவன்னு சொன்னது புரிஞ்சுது, ஆறு மாசம்னு சொன்னது புரிஞ்சுது, குலை தள்ளுனது பொய்யின்னுகூடப் புரிஞ்சுபோச்சு. அப்புறம் அந்தம்மா பேசுறது மட்டும் எப்படி சார் புரியாமப் போகும்?"

மூச்சு வாங்கியது, இரண்டு இடத்தில் குரல் அறுந்தது. ஆனாலும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். அந்த மனிதர் நல்லவர். "நீங்க சொன்னது நல்லாவே புரிஞ்சுதும்மா" என்றார். உடனே இணைப்பைத் துண்டித்து நாதஸ்வர இசையைப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை லால்குடியிலிருந்து ஒருவர் தென்னையில் வண்டு என்று கேட்டுவிட்டு, கடைசியில் அத்தை எப்போது வரும் என்றார். மண்ணச்சநல்லூரிலிருந்து பேசிய ஒரு பெண், ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டு, அப்படியே அத்தை எங்கே என்றார். யாரென்றே எங்களுக்குத் தெரியாது, எங்கள் குழுவிலும் இல்லாதவர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் இது நடந்தது. ஒன்றரை மாதம் தாங்கினார்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை நாடகத்தில் வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம். அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள் என்று யாரோ கத்துகிறார்கள். பாத்திரம் விழும் சத்தம், பிள்ளைகள் ஓடும் சத்தம். பிறகு எல்லாம் அடங்கி அந்தக் குரல் வந்தது. கரடுமுரடாக, நடுவில் காற்றோடு, எனக்கு நன்றாகத் தெரிந்த மாதிரியே. "என்னடி, அடுப்புல பால் பொங்குது, நீ என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

நான் ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனான். அன்றைக்குக் குழுவில் நான் அனுப்பிய பதிவு நாலரை நிமிடம். டீச்சர் பேசினால் இவ்வளவு பேசுவார் என்று தெரிந்திருந்தால் எழுதிக்கொண்டே இருக்க விட்டிருப்போமே என்றார் வாழை அண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முறை போடுகிற அம்மாவிடம் போனேன். "வர்ற வாரம் முதல் வாசகம் நான் வாசிக்கிறேன். எழுதிக்கோங்க" என்றேன்.

"டீச்சர், உங்களுக்குச் சிரமம்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குச் சிரமம் ஒண்ணும் இல்லீங்க. மக்களுக்குப் புரியலன்னா அவங்களே வந்து எங்கிட்டச் சொல்லட்டும். நீங்க சொல்ல வேண்டாம்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, "சரிங்க டீச்சர்" என்று சொல்லி என் பெயரை எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வாசக மேடைக்குப் போய் மைக்கை என் வாய்க்கு நேராக இழுத்து வைத்துக்கொண்டேன். முதல் வரியிலேயே குரல் அறுந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தது. நான் நிறுத்தி, மூச்சை இழுத்து, அந்த வரியை முதலிலிருந்து வாசித்தேன். அவசரப்படாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்துவிட்டு இறங்கினேன். கேட்டதா என்று யாரிடமும் கேட்கவில்லை.