றெஜினாவின் முதுகில் என் தண்ணீர்

பிரான்சில் எங்கள் தெருவை நாளை சைக்கிள்களுக்காக மூடப்போகிறார்கள். போன வாரம் நகரசபை ஆள் ஒருவர் வீடு வீடாக வந்து, காலையிலிருந்து கார் எதுவும் வெளியே நிற்கக் கூடாது, எந்தப் பக்கமும் போகவும் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். பாதை பூட்டு என்று காதில் விழுந்ததும் நானும் கணவரும் போர்க்காலத்து வன்னி ஆட்களாகவே மாறிவிட்டோம். அரிசி, பருப்பு, பால்மா, மெழுகுதிரி எல்லாம் வாங்கி அடுக்கினோம். இன்று காலை வாளி, சட்டி, பானை என்று கையில் கிடைத்ததில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைத்தோம். பக்கத்து வீட்டு மதாம் கொலெத் எட்டிப் பார்த்தார். வாசலில் நின்ற பெரிய வாளியைக் காட்டி, நல்ல யோசனை, நாளைக்குத் தன் வைன் போத்தல்களையும் அதில் குளிர வைக்கலாமா என்று கேட்டார். எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல் ‘வுய்’, ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மதாம் நல்ல மனுஷி. மதிலில் சாய்ந்துகொண்டு நாளைய போட்டியை முழுக்க எனக்கு ஒப்புவித்தார். பல நாட்கள் ஓடும் போட்டி இது. நாளைய கட்டம் சூரியகாந்தித் தோட்டங்களுக்கு நடுவே தட்டையாக வந்து, எங்கள் ஊரைக் கடந்த பிறகுதான் மலை ஏறுகிறதாம். ஒவ்வொரு அணிக்கும் கூரையில் சைக்கிள் அடுக்கிய கார்கள், வைத்தியர், தனிச் சமையற்காரர். பலசாலிகள் மலைவரை தங்கள் தலைவனைக் காற்றுப் படாமல் மறைத்துக் கூட்டிப்போய், அங்கே அவனை முன்னே விட்டுவிடுவார்கள் என்றார். நான் தலையாட்டினேன். காற்றை மறைப்பது பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நானும் ஊரில் சைக்கிள் போட்டி ஓடியவள். இதே வாரம் வன்னியிலும் ஒரு போட்டி தொடங்குகிறது. பெண்களுக்கான மூன்று நாள் சைக்கிள் ஓட்டம். முதல் நாள் நெளுக்குளத்திலிருந்து புளியங்குளம்வரை நேர் வீதி. அது வவுனியா அணிக்கு, அவர்களிடம் புது சைக்கிள்கள் இருக்கின்றன. மூன்றாம் நாள் முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வழியாகக் கிளிநொச்சி. சோழகக் காற்று முகத்தில் அடிக்கும். அது கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு, வாய்க்கால் கரையில் காற்றோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர்கள். போட்டியைத் தீர்மானிக்கப்போவது இரண்டாம் நாள்தான். புளியங்குளத்தில் தொடங்கி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு தாண்டி, முள்ளிவாய்க்காலில் எங்கள் அம்மா வீட்டு வாசலைக் கடந்து, வட்டுவாகல் பாலத்தில் ஏறி, முல்லைத்தீவில் முடிகிறது. பாலம் ஒடுக்கம். அதில் முதலில் ஏறுகிறவளை யாராலும் முந்த முடியாது. முல்லைத்தீவு அணியின் தலைவி றெஜினா. அந்த அணி கடைசியாகத்தான் வரும் என்பது என் கணிப்பு. நடுநிலையான கணிப்பு என்று நான் சொல்லவில்லை.

றெஜினாவும் நானும் ஒரே கோயில் பங்கு, ஒரே அணி. நான் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு மிதிப்பேன், அவள் என் பின் சில்லோடு ஒட்டிக்கொண்டு வருவாள். எங்கள் பக்கம் சைக்கிள் ஓட்டப்போட்டி என்றால் வாசலுக்கு வாசல் ஆட்கள் வாளியோடு நின்று, வருகிற எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் அம்மா மட்டும் அந்த விஷயத்தில் சரியான கஞ்சம். என் பெயரைக் கத்திக்கொண்டு முழு வாளியையும் என் முதுகில் ஊற்றுவா. பின்னால் வரும் றெஜினாவுக்கு வெறும் வாளியைக் காட்டுவா. உப்புக்காற்றில் காய்ந்த உடம்பில் அந்தத் தண்ணீர் பட்டதும் பாலம் கிட்ட வந்துவிடும். பிறகு கலியாணம், விசா, பிரான்ஸ். என் சைக்கிளையும் அவளுக்கே கொடுத்துவிட்டு வந்தேன். அப்போது அது பெரிய மனசாகத் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளது அணி இரண்டாம் நாள் பாதையை ஒருமுறை ஓடிப் பார்த்திருக்கிறது. முடிந்ததும் எனக்கு அழைத்தாள். எந்த இடத்தில் கிரவல் மண், எந்த வளைவில் மாடு படுத்திருக்கும் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். நான் உம் கொட்டினேன். யார் வெல்லுவார்கள் என்று நினைக்கிறாய் என்று கேட்டாள். கிளிநொச்சி என்றேன். சிரித்தாள்.

“நீ இன்னும் என்னைப் பின்னாலைதான் வைச்சுப் பாக்கிறாய். நீ போனாப் பிறகு முன்னாலை நிண்டு காத்து வாங்கிறது நான்தான்.”

அடுத்ததாக, என் அம்மா தனக்குத் தண்ணீர் ஊற்றியதையும் சொன்னாள். முழு வாளி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதையை எடுத்துக்கொள், சைக்கிளை எடுத்துக்கொள், தலைவிப் பட்டத்தையும் எடுத்துக்கொள். அந்த வாளி என்னுடையது. உடனே அம்மாவுக்கு அழைத்து, இத்தனை வருஷம் ஒரு சொட்டும் கொடுக்காத உங்களுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

அம்மா உடனே ஒப்புக்கொண்டா.

“ஓம் பிள்ளை, ஊத்தினனான். சைக்கிள் வாறதைக் கண்ட உடனை வாயிலை உன்ரை பேர்தான் வந்தது. ஜெசி, ஜெசி எண்டு கத்திப்போட்டன். பிறகுதான் பாத்தன், அவள். அவளும் கையைத் தூக்கிக் காட்டிப்போட்டுப் போறாள்.”

போட்டியன்று ஊற்ற வேண்டாம் என்று சொல்லத்தான் அழைத்தேன். சொல்லவில்லை. பாலத்துக்கு முன்னால் கிடைக்கிற கடைசித் தண்ணீர் அது. அது இல்லாவிட்டால் அவள் பிந்திவிடுவாள் என்று எனக்குத் தெரியும். கணக்க, வாளி நிறைய ஊற்றுங்கோ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன பிறகும் எரிச்சல் போகவில்லை.

ஓடுகிறவர்கள் மீது தண்ணீர் ஊற்றுவது இங்கே சரியில்லை, சறுக்கி விழுந்துவிடுவார்கள் என்று மதாம் சற்று முன்புதான் சொன்னார். வாளி அவரது போத்தல்களுக்கே இருக்கட்டும். நாளை மதியத்துக்குப் பிறகு அந்தக் கூட்டம் எங்கள் வாசலைக் கடக்க அரை நிமிஷம்கூட ஆகாதாம். தெருவில் எல்லாரும் தங்கள் ஆளின் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள், நானும் கத்த வேண்டும் என்கிறார். அந்த ஆட்களில் ஒருவரின் பெயரும் எனக்குத் தெரியாது. வேகமாக ஒரு சைக்கிள் வருவதைக் கண்டால் என் வாயில் எந்தப் பெயர் வரும் என்பது மட்டும் தெரியும். அது றெஜினா என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.