சனிக்கிழமை எண்ணெய்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மலாக்காவில் செலண்டாருக்குப் பக்கத்தில் என் கணவர் பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கோயிலில், பால்குடம் புறப்பட அரை மணி நேரம் இருக்கும்போது இது தொடங்கியது.

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. இரண்டு வயதில் டெங்கி வந்து பிழைத்தவன். அந்தச் சமயத்தில் கணவர் வைத்த வேண்டுதல்தான் இந்தப் பால்குடம். செங் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காலையிலேயே வந்துவிட்டோம். குழாயடியில் பையன்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மஞ்சள் வேட்டியும் வெற்று மார்புமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். என் மகனும் வேட்டி கட்டிக்கொண்டான். சட்டையை மட்டும் கழற்ற மாட்டேன் என்றான்.

கணவர் கெஞ்சினார், பிறகு அதட்டினார். அவன் இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு நின்றான். கணவரின் அக்கா கிண்டல் செய்தார்.

"என்னடா, பொம்பளப் பிள்ளையா நீ? அத்தைக்கு முன்னாடி என்னடா வெக்கம்? கழட்டுலா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் அழவில்லை. முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் இது வெறும் பிடிவாதம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. கையைப் பிடித்து எங்கள் வேனுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"நீங்க சிரிக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தூக்கினான்.

விலா எலும்பு தெரிகிற ஒல்லிப் பிள்ளை. ஆனால் இரண்டு மார்புக் காம்புகளும் உப்பியிருந்தன. இடது காம்பின் அடியில் ஐம்பது காசு அளவுக்குக் கெட்டியாக ஒரு வட்டம். தொட்டதும் பல்லைக் கடித்தான்.

"எத்தனை நாளா?"

"போன ஸ்கூல் லீவுலேர்ந்து."

அதாவது மூன்று மாதத்துக்கு மேல். எட்டு வயதானதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் குளிப்பான். பெரிய பையனாகிவிட்டான் என்று நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பூசாரியிடம் கணவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். பூசாரி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஒரு மஞ்சள் துண்டை எடுத்து அவன் தோளைச் சுற்றிப் போர்த்தி, குடத்தைத் தலையில் வைத்துவிட்டார். பையன் நடந்தான்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். உறையைப் பிரித்துப் படித்தேன். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மலாக்கா செய்திகளை எழுதி அனுப்புகிறவள். மூடிய உறை எனக்குப் பொறுக்காது. புரியாத சொற்களைக் கைபேசியில் தேடினேன். காரணங்களின் வரிசையில் 'கட்டி' என்ற சொல் வந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கணவரிடம் சொல்லவில்லை. அவரும் தேடிப் பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னிடம் அவரும் சொல்லவில்லை.

நாத்தனார் போன் செய்தார். "எல்லாம் அந்தக் கறிக்கோழிதான். ஊசி போட்டு வளக்குறானுங்க. இனிமே வாங்காத." கோழியை நிறுத்தினோம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள் என்றார்கள். அந்தப் பத்து நாளும், அவன் பள்ளிப் பையை முதுகில் மாட்டாமல் மார்பின் மேல் அணைத்துப் பிடித்தபடி நடந்துபோவதை வாசலில் நின்று பார்த்தேன். எத்தனை வாரமாக அப்படிப் போகிறானோ. தினமும் அதே வாசலில்தான் நின்றிருக்கிறேன்.

பதினோராவது நாள் டாக்டரைப் பார்த்தோம். என்னைவிட இளையவர், தமிழ்ப் பெண். அவன் உடம்பில் படுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். சோப்பு, ஷாம்பு, பவுடர், அவன் பள்ளிக்குப் பூசிக்கொண்டு போகிற லெவண்டர் கொலோன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன்.

"ரிசல்ட்ல பயப்படுற மாதிரி ஒன்னும் இல்லக்கா" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா ஏன் வீங்குதுன்னு இன்னும் தெரியல. இவ்வளவுதானா, வேற எதுவும் பூசுறது இல்லையா?"

"இல்ல டாக்டர்."

"எண்ணெய்?" என்றான் மகன்.

"அது வெறும் நல்லெண்ணெய்டா. சனிக்கிழமை தேச்சுக் குளிக்கிறது."

"வாசன எண்ணெய் ஊத்துவீங்கல்ல?"

அப்போதுதான் சொன்னேன். போன ஆண்டு வகுப்பில் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் நாறுகிறது என்று மலாயில் 'பாவ் மிஞ்ஞாக்' எனக் கேலி செய்திருக்கிறார்கள். இனி எண்ணெய்க் குளியலே வேண்டாம் என்று அடம்பிடித்தான். வழக்கத்தை விட எனக்கு மனமில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் லெவண்டர் எண்ணெயும் டீ ட்ரீ எண்ணெயும் சின்னப் புட்டிகளில் வாங்கி, நல்லெண்ணெய் டப்பாவில் கலந்தேன். சொட்டுக் கணக்கெல்லாம் இல்லை. எள் வாசனை அடங்கும் வரைக்கும் ஊற்றுவேன். தலைக்கு நான் வைத்துவிடுவேன். உடம்புக்கு அவனே தேய்த்துக்கொள்வான்.

"வாரத்துக்கு எத்தனை தடவ?"

"ஒரே நாள்தான்."

"தினமும்" என்றான் மகன்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் டாக்டரைப் பார்த்துப் பேசினான்.

"வலிச்சது. இந்த எண்ணெய் தேச்சா எல்லா வலியும் போயிடும்னு அம்மாதான் சொன்னாங்க. ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி தேச்சேன். இங்க." மார்பைத் தொட்டுக் காட்டினான். "பெருசானதும் இன்னும் நெறைய தேச்சேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேங்க்கா. லெவண்டரும் டீ ட்ரீயும் ஒடம்புல பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யலாம்னு சில டாக்டர்கள் சொல்றாங்க. அதுக்கு ஆதாரம் பத்தாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. எல்லாத்தையும் நிறுத்துவோம். கொறஞ்சா நல்லது. கொறையலன்னா மறுபடியும் தேடணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்தோம். டப்பா, கொலோன், ஷாம்பு எல்லாம் குப்பைக்குப் போயின. மணமில்லாத சோப்பு மட்டும் மிஞ்சியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்பாவிடம் மட்டும் காட்டுவதாக ஒப்புக்கொண்டான். நான் அறைக்கு வெளியே நிற்பேன். முதல் முறை கணவர் வெளியே வந்து தலையை ஆட்டினார். "அப்படியேதான் இருக்கு." இரண்டாவது முறையும் அதே பதில். மூன்றாவது முறை வெளியே வந்தவர், "இப்ப வலிக்கலையாம்" என்று சொல்லிவிட்டு நேரே போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார்.

நாலாவது மாதம் டாக்டர் விரலால் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "காணோமேடா" என்றார். அவன் சிரித்தான். "எண்ணெயாலதான்னு இப்பவும் சத்தியம் பண்ண மாட்டேன்" என்று என்னிடம் சொன்னார். "ஆனா திரும்பத் தொடங்காதீங்க."

சனிக்கிழமைக் குளியல் நின்றுவிடவில்லை; வெறும் நல்லெண்ணெய்தான். பள்ளியில் கேலி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு. ஆமாலா, எண்ணெய்தான்னு சொல்லிட்டேன்" என்றான்.

ஒரு வரிச் செய்திக்குக்கூட இரண்டு பேரிடம் விசாரித்துச் சரிபார்க்கிறவள் நான். அந்தச் சின்னப் புட்டிகளைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. 'இயற்கை' என்று அட்டையில் போட்டிருந்ததே போதுமாக இருந்தது. இப்போது எண்ணெய்க் கிண்ணத்தை அவன் கையில் கொடுப்பதற்கு முன், எங்காவது வலிக்கிறதா என்று கேட்கிறேன். இல்லை என்று அவன் சொன்ன பிறகும், வேறு ஏதாவது சொல்வானோ என்று கொஞ்ச நேரம் கிண்ணத்தை விடாமல் நிற்கிறேன்.