மழை வராத பக்கத்து ஜன்னல்

எங்கள் பலகை வீட்டில் இரண்டே ஜன்னல்கள். ஒன்று கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையைப் பார்த்திருக்கும். இன்னொன்று பின்னறையில், ரப்பர் மரங்களைப் பார்த்திருக்கும். கண்ணாடியெல்லாம் கிடையாது; ஜன்னலுக்கு இரண்டு மரக்கதவுகள், அவ்வளவுதான். மழை எப்போதும் சாலைப் பக்கமிருந்துதான் அடிக்கும். முன்ஜன்னலின் அடிப்பலகை நனைந்து நனைந்து, விரலால் கிள்ளினால் அவித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி கையோடு வரும். பின்ஜன்னலில் கூரைத் தண்ணீர் வழிந்ததோடு சரி. பலகை ஊதிப்போய் இறுகிக் கிடந்தது. திறக்க வேண்டுமானால் தோளைக் கொடுத்து இடிக்க வேண்டும். திறந்தால் துருப்பிடித்த கீல் ஊரைக் கூட்டும்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. இந்தக் கதை நடப்பதற்கு முந்தின வருஷமே அப்பா சயாமுக்கு ரயில் பாதை போடப் போயிருந்தார். நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்லித்தான் லோரியில் ஏற்றினார்கள். அப்புறம் ஒரு சேதியும் இல்லை. பிறகு அந்த லோரி யாரையும் கேட்டு ஏற்றவில்லை. சாலையில் கண்ட ஆண்களைப் பிடித்தது, வீடு புகுந்தும் பிடித்தது. அம்மா தினமும் முருகன் படத்துக்கு முன்னால் செம்பனை எண்ணெயில் ஒரு திரி ஏற்றி, என்னையும் கைகூப்ப வைத்து, நெடுநேரம் நிற்பாள். எனக்கு ஆறு வயது. லோரி என்றால் எனக்கு ஆசை.

வீட்டில் மிஞ்சிய ஆண்பிள்ளை சித்தப்பா, அப்பாவின் தம்பி. பின்னறையில் உட்கார்ந்து பழைய டயரை வெட்டிச் செருப்புச் செய்வார். அம்மா அதைக் கொண்டுபோய்க் கிழங்குக்கும் கருவாட்டுக்கும் மாற்றி வருவாள்.

ஒரு நாள் காலை, ஜன்னலைச் சரிபண்ணப் போவதாகச் சித்தப்பா சொன்னார். நான் குதித்தேன். என் பாய் முன்ஜன்னலுக்குக் கீழேதான். மழை பெய்தால் முதலில் நனைவது நான்.

சித்தப்பா முன்ஜன்னலைக் கழற்றினார். உளுத்த அடிப்பாகத்தை அறுத்து எறிந்தார். மேலே நன்றாக இருந்த பலகையைத் தூக்கிக்கொண்டு நேரே பின்னறைக்குப் போய்விட்டார். முன்னால் ஒரு கோணிச் சாக்கு தொங்கியது.

நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு அத்தை வந்துவிட்டாள்.

"ஏம்மா, ஒன் கொழுந்தனுக்கு மூள கழண்டு போச்சா? மழ அடிக்கிற பக்கம் சாக்கு, அடிக்காத பக்கம் பலகையா? நல்லா இருக்கு லா ஒங்க வேல!"

"என்னத்த சொல்றது அக்கா. இவருக்கு எதுல கை வைக்கணும்னே தெரியல" என்றாள் அம்மா. உள்ளே சித்தப்பா சிரிப்பது எனக்குக் கேட்டது. திட்டு வாங்கிவிட்டுச் சிரிக்கிற மனுஷனைப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கடையில் வாங்க ஆணி கிடையாது, வாங்கக் காசும் கிடையாது. பழைய பெட்டிகளில் பிடுங்கிய ஆணிகளை அம்மிக்கல்லில் வைத்து நிமிர்த்தினார். இழைப்புளி இல்லாததால் உடைந்த போத்தல் கண்ணாடியால் பலகை ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி ஊதலைக் குறைத்தார். சட்டத்தில் உளுத்துப்போன குழிகளுக்கு ரப்பர் பாலில் மரத்தூளைக் குழைத்து அப்பினார். கீலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, டயரில் பட்டை வெட்டி அதையே கீலாக வைத்து அடித்தார். அம்மா சாமி விளக்குக்கு வைத்திருந்த செம்பனை எண்ணெயில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். சாமி எண்ணெயை ஜன்னலுக்குத் தடவலாமா என்று கேட்டேன்.

"முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு, போ" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்த விளையாட்டு. என் காது கூர்மை. கோழி முட்டையிடப் போகும்போதே சொல்லிவிடுவேன். சித்தப்பா என்னைப் பின்னறை வாசலில் தொங்கும் திரைக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடி உட்கார வைப்பார். பின்னறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து மூடுவார்.

"எத்தன தடவ தொறந்தேன், சொல்லு பாப்பா?"

"ரெண்டு!"

"அண்ணி, ஒங்க மக காது காது இல்ல, ரேடியோ!" என்று சலித்துக்கொண்டு மறுபடி எண்ணெய் தடவுவார், மறுபடி சுரண்டுவார். சரியாகச் சொன்னால் எனக்கு ஒன்றும் கிடையாது. தப்பாகச் சொன்னால்தான் சுட்ட கிழங்குத் துண்டு கிடைக்கும். தோற்றவருக்குப் பரிசு தருகிற விளையாட்டை நான் அங்கேதான் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் எவ்வளவு உற்றுக் கேட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. "நீ இன்னும் தொறக்கவே இல்ல" என்றேன். திரையை விலக்கி வந்தவர் என் கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டார். அம்மா முருகன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சில வாரம் கழித்து ஒரு பிற்பகல், மழை தூறிக்கொண்டிருந்தபோது, லோரி எங்கள் வீட்டெதிரில் நின்றது. கங்காணி ஒருவரும் ஜப்பான் சிப்பாய்கள் இருவரும் படியேறினார்கள். சித்தப்பா பின்னறையில் டயர் வெட்டிக்கொண்டிருந்தார். நான் திரையோரம் உட்கார்ந்திருந்தேன்.

"வாங்க அண்ணே, உள்ள வாங்க" என்று அம்மா வழக்கத்தைவிட உரக்கச் சொன்னாள்.

"வீட்டுல ஆம்பள இருக்காமே. எங்க?"

"வீட்டு ஆம்பள போன வருஷமே ஒங்க லோரியில ஏறிட்டாரு அண்ணே. அவர எங்கன்னு நான்தான் ஒங்கள கேக்கணும்."

கங்காணியின் முகம் சுருங்கியது. என் பக்கம் குனிந்தார். "பாப்பா, பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும். உள்ள யாரு இருக்கா?"

தினமும் சாமி கும்பிடுகிற பிள்ளை நான். என் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. ஆகவே உள்ளதைச் சொன்னேன்.

"சித்தப்பா."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிப்பாய் திரையைக் கிழித்தே எறிந்தான். அறையில் டயரும் கத்தியும் பாதி வெட்டிய செருப்பும் கிடந்தன. ஜன்னல் சாத்தியிருந்தது. அவன் தள்ளினான்; அது மெத்தென்று திறந்தது. வெளியே மழையும் மரங்களும்தான். கங்காணி என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். "வெளையாட்டா பண்றே, குட்டி?" லோரி போய்விட்டது.

மேரு ஊர்ப் பக்கம் மலாய்க்காரர்களின் கிராமமான ஒரு கம்பத்தில் சண்டை முடியும்வரை சித்தப்பா ஒளிந்திருந்தார் என்பதும், அப்பா திரும்பவே மாட்டார் என்பதும் பின்னால் தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், குட்டு வலித்தது, அம்மாவும் அடிப்பாள் என்பதுதான். அம்மா அடிக்கவில்லை. என் நெற்றியில் திருநீறு பூசினாள். பின்னறைக்குப் போய் ஜன்னலைச் சாத்தி, அந்தப் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்து அழுதாள். வெளியே மழை வலுத்துவிட்டது.

எனக்குப் பாவமாக இருந்தது. ஜன்னல் சட்டத்தைக் கையால் தடவிப் பார்த்து, உலர்ந்த உள்ளங்கையை அவளிடம் நீட்டினேன்.

"இங்க பாரும்மா, ஒரு சொட்டு கூட உள்ள வரல. அப்புறம் எதுக்கு அழுவுற?"